எல்லாரும் பதினொன்று இருபதுக்கு ஏன் முடித்தார்கள்?

என் ஓரகத்தி பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவில் வேலை பார்க்கிறாள். நாங்கள் கீழ் வீட்டில், கொழுந்தனும் அவளும் மாடியில். வீட்டில் அவளுக்குக் கேள்வித்தாள் என்று பெயர். அது வேலையால் வந்த பெயர் இல்லை, வாயால் வந்தது.

கல்யாணம் ஆகி வந்த மூன்றாம் நாளே ஆரம்பித்துவிட்டாள். "இந்தக் குழாய் மட்டும் ஏன்க்கா எதிர்ப்பக்கம் திருகினா திறக்குது?" என்றாள். நான் ஆறு வருஷமாக அதே குழாயைத் திருகிக்கொண்டிருந்தேன். எனக்கு அப்படி ஒரு கேள்வி வந்ததே இல்லை. திருகினேன், தண்ணீர் வந்தது, பாத்திரம் கழுவினேன், அவ்வளவுதான். அவள் விடவில்லை. ஸ்பேனரை எடுத்து வந்து கழற்றிவிட்டாள். கழற்றத் தெரிந்தவளுக்குத் திரும்ப மாட்டத் தெரியவில்லை. அரை நாள் வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை. நான் திட்டாத திட்டு இல்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "ஆனா உள்ள ஒரு துண்டு மாத்திப் போட்டிருக்குன்னு தெரிஞ்சுபோச்சுல்ல" என்று சிரித்தாள். புது மருமகள் என்றுகூடப் பார்க்காமல் ஈரத் துணியை அவள்மேல் விட்டெறிந்தேன்.

பத்தொன்பது வருஷம் அவளுக்கு ஒரே வேலை. எந்த மாணவர் எந்த அறையில், எந்த மேசையில் உட்கார வேண்டும் என்று கட்டம் போட்ட தாளில் பென்சிலால் எழுதுவது. ஒரே பாடம் எழுதுகிற இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் வரக் கூடாது, முன்னும் பின்னும் வரக் கூடாது. தேர்வுக் காலத்தில் அவள் விரல் நுனியெல்லாம் கரியாக இருக்கும். போன வருஷம் அந்த வேலையைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்துவிட்டார்கள். அவள் மூலையில் உட்கார்ந்து அழுவாள், இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்லலாம் என்று டீ போட்டு எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். அவளோ குதித்துக்கொண்டிருந்தாள்.

"நான் நாலு நாள் போடறதை நாலு நொடியில போடுதுக்கா! எப்படிப் போடுதுன்னு பார்க்க வேண்டாமா?"

டீயை நானே குடித்துவிட்டு இறங்கி வந்தேன்.

அப்புறம்தான் பெரிய அறிவிப்பு வந்தது. அடுத்த பருவத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்குக் கீழே இருக்கிற எல்லாக் கல்லூரியிலும் தேர்வு கம்ப்யூட்டரில்தான். பேனா கிடையாது, தாள் கிடையாது. இதற்காக ஐந்து பேர் கொண்ட புதுப் பிரிவு ஆரம்பித்து, யார் வருகிறீர்கள் என்று கேட்டார்களாம். அலுவலகத்தில் ஆளாளுக்கு முதுகுவலி, கண்வலி என்று நழுவியபோது இவள் இரண்டு கையையும் தூக்கியிருக்கிறாள். மூன்று மாதம் தற்காலிகம். அதற்குள் வேலை திருப்தியாக இருந்தால் தேர்வுக் கட்டுப்பாட்டு அதிகாரி கையெழுத்துப் போட்டு நிரந்தரமாக்குவார். இல்லையென்றால் சான்றிதழ் கவுண்டர். அங்கே நாள் முழுக்க முத்திரை குத்தலாம், "ரசீது எங்கே?" என்று கேட்கலாம். உலகத்தில் அவள் பயந்த ஒரே இடம் அந்தக் கவுண்டர்தான்.

"அங்க போனா எனக்கு மூளை துருப்பிடிச்சுடும்கா" என்பாள்.

புதுப் பிரிவில் அவளுக்கு முதல் வேலை, தேர்வு அறையில் யார் என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிற அறிவுரைத் தாள் தயாரிப்பது. பழைய தாளை வைத்துக்கொண்டு என் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒரே மதியத்தில் முடித்தாள். பேனா என்று இருந்த இடத்தை அடித்தாள், விடைத்தாள் என்று வந்த இடத்தையெல்லாம் கம்ப்யூட்டரில் ஒரே தட்டில் விடை என்று மாற்றினாள். மொத்தம் இருபத்து நாலு வரி. அதிகாரி மேடம் மறுநாளே கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று பெருமையாகச் சொன்னாள்.

அடுத்தது வெள்ளோட்டம். பெரிய கூடத்தில் இருநூற்று நாற்பது கம்ப்யூட்டர். எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினால் தாங்குமா என்று பார்க்க வேண்டும். அதற்கு இருநூற்று நாற்பது பேர் உட்கார வேண்டும். விடுமுறை நேரம், மாணவர்கள் நூற்று எண்பது பேர்தான் கிடைத்தார்கள். மிச்சத்துக்கு ஊழியர்களின் வீட்டு ஆட்களைப் பிடித்து வரச் சொல்லிவிட்டார்கள். இவள் நேராக என் அடுப்படிக்கு வந்தாள்.

"நானா? நான் தபால் வழியில பட்டம் வாங்கி இருபத்திரெண்டு வருஷம் ஆச்சு. அந்தப் பேப்பர் பரண்ல கிடக்கு."

"அதான்கா வேணும். பழக்கம் இல்லாதவங்க உட்கார்ந்தாத்தான் எங்க இடிக்குதுன்னு தெரியும்."

"அதாவது நான் சோதனை எலி."

"வாய் உள்ள எலி. ஆய்வுக்கூடத்துல கிடைக்காத சரக்கு."

போனேன். கூடம் குளிர்பெட்டிக்குள் போனதுபோல் இருந்தது. வாசலில் கட்டைவிரலை வைக்கச் சொன்னார்கள். பாத்திரம் தேய்த்துத் தேய்த்து எனக்கு ரேகையே இல்லை போலிருக்கிறது, நாலு தடவை வைத்த பிறகுதான் உள்ளே விட்டது. மேசைக்குப் போனால் திரை என்னைப் படம் பிடித்து எனக்கே காட்டியது. காணாமல் போனவர் விளம்பரத்தில் வருகிற முகம். பத்து மணிக்கு ஆரம்பம், பதினொன்றரைக்கு முடிவு, அறுபது கேள்வி.

உண்மையைச் சொன்னால் எனக்குப் பிடித்துவிட்டது. தப்பாகப் போட்ட விடையை அடித்தல் திருத்தல் இல்லாமல் மாற்றலாம். தெரியாத கேள்வியை மஞ்சள் நிறமாக்கி வைத்துவிட்டு அப்புறம் வரலாம். வீட்டு வேலையையும் இப்படி மஞ்சளாக்கி வைக்க முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே ஒன்பது கேள்வியை மஞ்சளாக்கினேன். எல்லாம் யோசித்தால் வரக்கூடிய கேள்விதான்.

அப்போது மணி அடித்தது. வராந்தாவில் தொங்குகிற இரும்புத் தட்டில், நான் எழுதிய காலத்தில் கேட்ட அதே சத்தம். மேற்பார்வை பார்த்த ஆசிரியை எழுந்து நின்று, "கடைசிப் பத்து நிமிஷம். எல்லாரும் கட்டிடுங்க" என்றார்.

இந்தப் பல்கலைக்கழகத்தில் எழுதாதவர்களுக்கு இதைச் சொன்னால்தான் புரியும். இங்கே கடைசிப் பத்து நிமிஷம் எழுதுவதற்கு இல்லை, கட்டுவதற்கு. முதன்மை விடைத்தாளையும் கூடுதலாக வாங்கிய தாள்களையும் வரிசையாக அடுக்கி, ஓட்டையில் வெள்ளை நூலைக் கோத்து முடிச்சுப் போட வேண்டும். கடைசி மணி அடித்துவிட்டால் கையிலிருந்து பிடுங்கிவிடுவார்கள், கட்டாத தாள் அனாதைத் தாள். முதல் பருவத்தில் ஒருவன் தாளைத் தொலைத்துவிட்டு அழுவதைப் பார்த்தால் போதும். அதற்கப்புறம் அந்த மணி கேட்டதும் பேனா தானாகக் கீழே விழும், கை தானாக நூலைத் தேடும்.

என் கையும் தேடியது. இருபத்திரண்டு வருஷம் கழித்து, மேசையில் இடது பக்கம் தடவிப் பார்க்கிறேன், நூல் இல்லை. கட்டச் சொல்கிறார்களே, எதைக் கட்டுவது? திரையின் கீழே பச்சையாக ஒரு பொத்தான், 'சமர்ப்பி' என்று. அதை அழுத்தினேன். 'உறுதியா?' என்று கேட்டது. 'ஆம்' என்றேன். 'நன்றி' என்றது. நல்லபடியாகக் கட்டிக் கொடுத்துவிட்ட நிம்மதியோடு எழுந்தேன். சுற்றிலும் நாற்காலி நகர்கிற சத்தம். மஞ்சள் கேள்வி ஒன்பதும் ஞாபகத்துக்கு வந்தபோது நான் படிக்கட்டில் பாதி இறங்கியிருந்தேன்.

இதை வீட்டில் வந்து எவளாவது சொல்வாளா? அன்று சாயங்காலம் ஓரகத்தி, "எப்படிக்கா இருந்துச்சு?" என்று கேட்டபோது, "ஜோரா இருந்துச்சு. பத்து நிமிஷம் முன்னாடியே முடிச்சுட்டேன்" என்று சொன்னேன். எங்கள் வீட்டுக்காரர்கூட என்னை ஒரு மாதிரி மரியாதையாகப் பார்த்தார்.

நாலு நாள் கழித்து, நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருக்கும்போது ஒரு கட்டுத் தாளோடு வந்து தரையில் உட்கார்ந்தாள். முகம் சரியில்லை.

"அக்கா, நூத்தி முப்பத்தொரு பேர் பதினொன்னு இருபதுல இருந்து இருபத்திரெண்டுக்குள்ள முடிச்சிருக்காங்க."

"சரி, முடிச்சா நல்லதுதானே?"

"அதுக்கு முன்னாடி மொத்தமே ஆறு பேர்தான் முடிச்சாங்க. அப்புறம் திடீர்னு பஸ் வந்த மாதிரி அத்தனை பேரும் ஒண்ணா எந்திரிச்சிருக்காங்க. ஏன்?"

மென்பொருள் நிறுவனத்திலிருந்து வந்த பொறியாளர் இதற்குப் பதில் கண்டுபிடித்து அறிக்கையே எழுதிவிட்டாராம். கம்ப்யூட்டரில் வேகமாக எழுத முடிகிறது, பாதிக்கு மேற்பட்டவர்கள் பத்து நிமிஷம் முன்பே முடிக்கிறார்கள், ஆகவே தொண்ணூறு நிமிஷத் தேர்வை எண்பதாகக் குறைக்கலாம். ஒரு நாளைக்கு இன்னொரு தேர்வு சேர்த்து நடத்தலாம். வெள்ளிக்கிழமை அதிகாரி மேடம் அதில் கையெழுத்துப் போடப் போகிறார். அதே மேசையில்தான் இவளுடைய நிரந்தர உத்தரவும் கையெழுத்துக்கு இருக்கிறது.

"அவர் சொல்றது சரின்னா, முடிச்சவங்க எல்லாக் கேள்விக்கும் விடை போட்டிருக்கணும்ல?" என்று தாளைப் புரட்டினாள். "நிறைய பேர் ஏழு, எட்டு, பத்துன்னு காலியா விட்டிருக்காங்க. இங்க பாருங்க, அறுபத்து மூணாவது மேசை. பதினொன்னு இருபது, நாப்பது நொடி. ஒன்பது கேள்வி காலி. யார் தெரியுமா?"

நான் பீன்ஸையே பார்த்தேன்.

"நீங்கதான். ஜோரா இருந்துச்சுன்னீங்க?"

"வாய் உள்ள எலி வேணும்னு யார் கேட்டது? இப்ப வாயைக் கிளறாத."

"திட்டுங்க, அப்புறமாத் திட்டுங்க. ஏன் அழுத்துனீங்க, அதை மட்டும் சொல்லுங்க."

சொன்னேன். மணி, ஆசிரியை, நூலைத் தேடிய கை, பச்சைப் பொத்தான், எல்லாவற்றையும். அவள் பாதியிலேயே எழுந்து மாடிக்கு ஓடினாள். அறிவுரைத் தாளோடு திரும்பி வந்து ஏழாவது வரியில் விரலை வைத்தாள். "தேர்வு முடியப் பத்து நிமிடம் இருக்கையில் எச்சரிக்கை மணி அடிக்கப்பட வேண்டும். விடைகளைக் கட்டுமாறு கண்காணிப்பாளர் அறிவுறுத்த வேண்டும்."

"விடையை எப்படிடி கட்டுவாங்க?" என்று கேட்டேன்.

அவள் அந்த வரியை இன்னொரு தடவை படித்தாள். ஒரே தட்டில் மாற்றியது இப்படி ஒரு வரியைப் பெற்றுப் போட்டிருந்தது. அதற்கு அதிகாரியின் கையெழுத்து வேறு.

கொழுந்தன் டீக்கு வந்தவன் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டான். "வெள்ளிக்கிழமை வரைக்கும் நீ வாயைத் திறக்காத. உத்தரவு கைக்கு வரட்டும். அப்புறம் மெதுவா அந்த வரியை எடுத்துடு, யாருக்குத் தெரியப்போகுது?" என்றான்.

நானும் அதையேதான் சொன்னேன், மறைக்கவில்லை. யார் வீட்டுப் பிள்ளைகளுக்கோ பத்து நிமிஷம் போகிறது, நம் வீட்டுப் பெண்ணுக்கு வேலை முக்கியம்.

"பத்து நிமிஷம் குறைச்சு எண்பது ஆக்கினா, அதுல எழுபதாவது நிமிஷம் மணி அடிப்பாங்க. எல்லாரும் எழுபதுல முடிப்பாங்க. உடனே எழுபது போதும்பாங்க. இப்படியே போனா ஹால் டிக்கெட்டைக் காட்டிட்டு வீட்டுக்கு வந்துடலாம்" என்றாள்.

எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை.

"ஆனா உங்க ஒருத்தர் பேச்சை வச்சு எப்படிச் சொல்றது? நிஜமாவே மணியாலதானா?" என்று கேட்டாள். யாரைக் கேட்டாள் என்று தெரியவில்லை, எங்களைப் பார்க்காமல் பீன்ஸ் தட்டைப் பார்த்துக் கேட்டாள். வேலை போகுமோ என்ற பயம் அவளுக்கு இருந்தது. ராத்திரிச் சாப்பாட்டை அளைந்துகொண்டே இருந்தாள். ஆனால் அந்தக் கேள்வி அதற்கும் மேலே ஏறி உட்கார்ந்துவிட்டது.

இரண்டு நாள் அலுவலகத் தொலைபேசியில் உட்கார்ந்து நாற்பது மாணவர்களைக் கூப்பிட்டாள். முப்பத்தொரு பேர் என்னைப் போலவேதான். "மேடம் கட்டச் சொன்னாங்க, கட்டிட்டேன்" என்றார்கள். ஐந்து பேர் பக்கத்தில் இருந்தவர் எழுந்ததால் எழுந்தார்களாம். மூன்று பேர் உண்மையிலேயே முடித்தவர்கள். ஒருவனுக்குக் கழிப்பறை அவசரம். மணி அடிக்கிறவரையும் விடவில்லை. "எதுக்கு அந்த மணி அடிக்கிறீங்க?" என்று போய் நின்றாள். அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, "முப்பது வருஷமா அடிக்கிறேன்மா, இன்னைக்குத்தான் ஒருத்தர் கேக்கறீங்க. அடிக்கலேன்னா மெமோ குடுப்பாங்க, அதுக்குத்தான்" என்றாராம்.

அப்புறம் அவளுக்கு வேறொன்று தோன்றியது. கடைசி வரை உட்கார்ந்திருந்த நூற்று மூன்று பேர் யார்? அவர்களை ஏன் மணி எழுப்பவில்லை? பெயர்ப்பட்டியலைப் பார்த்தால், முக்கால்வாசிப் பேர் இப்போதுதான் சேர்ந்தவர்கள். இங்கே ஒரு தேர்வுகூட எழுதியதில்லை. அவர்களுக்கு நூலும் தெரியாது, கட்டும் தெரியாது. மணி அடித்தது, தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார்கள்.

"கிடைச்சுடுச்சுக்கா!" என்று வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வந்தாள். வேலையே கிடைத்துவிட்டதோ என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். மணிச் சத்தத்துக்கு யாராவது பொத்தானை அழுத்துவார்களா என்று பொறியாளர் கேலி செய்தாராம், அதற்கு உயிருள்ள சாட்சி நான். அதிகாரி மேடத்தின் அறையில் மேசை நிறையக் கோப்பு. மேடம் மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்க்கிற ரகம். என்னைப் பார்த்து, "இவங்க யாரு?" என்றார்.

"அறுபத்து மூணாவது மேசை, மேடம்" என்றாள் ஓரகத்தி.

என் கதையைச் சொல்லி முடித்தேன். பொறியாளர் சிரித்துக்கொண்டே, "ஆனா அம்மா, உறுதியான்னு கேட்டுச்சுல்ல? நீங்கதானே ஆம்னு அழுத்துனீங்க?" என்றார்.

"என் போன் ஒரு நாளைக்கு நாப்பது தடவை உறுதியான்னு கேக்குது. நீங்க எதுக்காவது ஒரு நாளாவது இல்லைன்னு சொல்லியிருக்கீங்களா?"

அவர் சட்டைப் பையிலிருந்த போனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"ஒன்பது கேள்வி மிச்சம் இருக்குன்னு சொல்லியிருந்தா உட்கார்ந்திருப்பேன். உறுதியான்னு கேட்டா, எதுக்கு உறுதின்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவர் இதைக் குறித்துக்கொண்டார். நல்ல மனிதர்தான். குறித்துக்கொண்டே, "மிச்சம் இருந்தாப் பொத்தானே வேலை செய்யாத மாதிரி பண்ணிடலாம்" என்றார்.

"வேண்டாம் சார்," என்றாள் ஓரகத்தி. "சில பேருக்கு நிஜமாவே தெரியாது. தெரியாதவங்களைப் பூட்டி வைக்கவா முடியும்?"

மேடம் மேசையிலிருந்த கோப்பைப் புரட்டினார். அறிவுரைத் தாளை எடுத்து மெதுவாகப் படித்தார். ஏழாவது வரி வந்ததும் நிறுத்தினார்.

"இதை எழுதினது யாரு?"

பொறியாளர் கூரையைப் பார்த்தார். நான் ஓரகத்தியைப் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டேன்.

"நான்தான், மேடம். பழைய தாளைப் பார்த்து எழுதினேன். ஒவ்வொரு வரியும் எதுக்குன்னு கேட்டிருக்கணும், கேக்கலை." ஊரில் இருக்கிற எல்லாவற்றையும் கேட்டவள் இதை மட்டும் கேட்கவில்லை என்பதுதான் அவளுக்கு வலித்தது என்று எனக்குத் தெரிந்தது.

மேடம் தாளைத் திருப்பித் தன் கையெழுத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். "நானும் படிக்கலை" என்றார். அவ்வளவுதான். பொறியாளரின் அறிக்கையை அவரிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு இவளுடைய உத்தரவுக் கோப்பை எடுத்து, மூடி, மேசையின் அந்தப் பக்கம் தள்ளி வைத்தார். "இதை இப்ப பார்க்க முடியாது. முதல்ல நீங்க சொல்றது சரியான்னு காட்டுங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில், "கவுண்டர்தான் போலருக்கு" என்று ஒரு தடவை சொன்னாள். "கவுண்டர்ல ஃபேன் இருக்குல்ல?" என்றேன். சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன், முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

விடுமுறை முடிந்ததும் நடந்த இரண்டாவது வெள்ளோட்டத்தில் இருநூற்று நாற்பது பேரை இரண்டாகப் பிரித்து, நூற்றிருபது நூற்றிருபது பேராக உட்கார வைத்தாள். எல்லாரும் நூல் கட்டிப் பழகிய மாணவர்கள், முதல் தடவை உட்காராதவர்கள். நானும் வருகிறேன் என்றேன். "உங்களுக்கு விஷயம் தெரிஞ்சுபோச்சு, நீங்க கெட்டுப்போன எலி" என்று சொல்லிவிட்டாள். ஒரு பாதிக்குக் காலையில், மணியோடும் கட்டச் சொல்வதோடும். இன்னொரு பாதிக்கு மதியம், மணியும் இல்லை, யாரும் வாயைத் திறக்கவும் இல்லை. கேள்வி அதே கேள்வி.

காலையில் மணி அடித்த இரண்டு நிமிஷத்தில் அறுபத்தாறு பேர் எழுந்தார்கள். மதியம் அதே எண்பதாவது நிமிஷத்தையொட்டி எழுந்தவர்கள் மூன்று பேர்.

தேர்வு தொண்ணூறு நிமிஷமாகவே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. ஏழாவது வரி போயிற்று. பொத்தானை அழுத்தினால் எத்தனை கேள்வி மிச்சம் என்று திரை சொல்லும்.

அடுத்த வாரம் உத்தரவு வந்தது. மாடிப்படியில் நின்றுகொண்டே பிரித்தாள். நிரந்தரம் இல்லை. தற்காலிகப் பணி இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கப்படுகிறது, பிறகு பரிசீலிக்கப்படும்.

"பாத்தியா? வாயை மூடிட்டு இருந்திருந்தா இன்னைக்கு நிரந்தரம்" என்றான் கொழுந்தன்.

"கவுண்டருக்கு அனுப்பலைல்ல, விடு" என்றேன் நான். எனக்கும் உள்ளுக்குள் எரிச்சல்தான்.

அவள் எங்கள் இருவர் பேச்சையும் காதில் வாங்கவில்லை. உத்தரவோடு பின் குத்தி இன்னொரு தாள் இருந்தது. மேடம் கையால் எழுதியது. மிச்சம் இருக்கிற இருபத்து மூன்று வரியும் எதற்காக இருக்கிறது என்று ஒவ்வொன்றாக விசாரித்து எழுதித் தர வேண்டும், கல்லூரி கல்லூரியாகப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

"மூணு மாசம்கா," என்றாள். கால் தரையில் இல்லை. "எல்லாக் கல்லூரியும் கம்ப்யூட்டர்ல உட்காரும்போது நான் அங்க இருப்பேன்! பன்னிரண்டாவது வரி கேளுங்க. முதல் அரைமணி நேரம் யாரும் வெளிய போகக் கூடாது. ஏன்?"

"கேள்வித்தாளை வெளிய கொண்டுபோய்க் குடுத்துடுவாங்கன்னு."

"இப்பதான் ஆளுக்கொரு கேள்வி மாத்தி மாத்தி வரப்போகுதே. அப்ப ஏன்?"

"எனக்கு எப்படிடி தெரியும்? அடுப்புல பால் இருக்கு, ஆளை விடு."

பாலை இறக்கி வைத்துவிட்டு வந்து பார்த்தால் படியில் ஆள் இல்லை. மேலே தொலைபேசியில் யாரிடமோ, "சார், ஒரே ஒரு சந்தேகம்" என்று ஆரம்பித்துவிட்டாள். கொழுந்தன் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்திருந்தான்.

"ஒரே ஒரு சந்தேகமாம் அண்ணி" என்றான்.

"அந்த சாருக்கு இன்னைக்கு மதியச் சாப்பாடு போச்சு" என்று சொல்லிவிட்டு நான் உள்ளே போனேன்.